ரொப்போங்கி ஹில்ஸ்: 14 வருடப் பேச்சு, 3 வருடக் கட்டுமானம்

டோக்கியோவில் ரொப்போங்கி ஹில்ஸ் திறந்தது 2003 ஏப்ரல் 25. கட்டுமானம் தொடங்கியது 2000 ஏப்ரல். 54 மாடிக் கோபுரம், பெரிய ஹோட்டல், டிவி நிலையம், நாலு குடியிருப்புக் கட்டடங்கள், சினிமா, 200க்கும் மேற்பட்ட கடைகளும் உணவகங்களும் எல்லாம் மூன்றே வருடத்தில் எழுந்து நின்றன. ஆனால் இந்த இடத்தை மறுசீரமைக்க வேண்டிய பகுதி என்று டோக்கியோ மாநகர அரசு குறித்தது 1986 நவம்பரில். ஒரு செங்கல்கூட வைக்காமல் நடுவில் 14 வருடம் போயிருக்கிறது. ரொப்போங்கி ஹில்ஸ் பற்றி எழுதுகிறவர்கள் கோபுரத்தின் உயரத்தையும் வாசலில் நிற்கும் சிலந்திச் சிற்பத்தையும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். வீடு, கடை, ஆபீஸ், கலை நான்கையும் ஒரே இடத்தில் ஓட வைப்பது எப்படி என்று தெரிய வேண்டுமென்றால் அந்த 14 வருடத்தில்தான் தொடங்க வேண்டும்.

முதலில் இடம். ரொப்போங்கி 6ஆம் வட்டாரம் சரிவான நிலம். மேட்டில் டிவி அசாஹி நிலையம். பள்ளத்தில் மர வீடுகள், சின்னக் கடைகள், குறுகலான சந்துகள். தீயணைப்பு வண்டி உள்ளே போக முடியாத சந்துகள் என்பதுதான் அரசு இந்தப் பகுதியைக் கவனித்ததற்கு முக்கியக் காரணம். நிலநடுக்கம் வந்து மர வீட்டில் தீப்பிடித்தால் தெருவே போய்விடும். திட்டப் பகுதி மொத்தம் சுமார் 11.6 ஹெக்டேர், நம் கணக்கில் 28 ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. அதற்குள் திட்டத்தில் சேர்ந்த உரிமையாளர்கள் மட்டும் ஏறத்தாழ 400 பேர்.

இத்தனை பேரிடமும் மனையை விலைக்கு வாங்கிக் கட்ட எந்த நிறுவனத்தாலும் முடியாது. கடைசியாக விற்கிறவர் கேட்கும் விலையில் திட்டம் அங்கேயே செத்துவிடும். ஜப்பானில் இதற்கு 1969இல் வந்த நகர மறுசீரமைப்புச் சட்டம் வேறு வழி வைத்திருக்கிறது. அதன் பெயரைத் தமிழில் 'உரிமை மாற்றம்' என்று சொல்லலாம். நம் ஊரில் மனைக்காரரும் புரமோட்டரும் போடும் ஜாயின்ட் வென்ச்சர் ஒப்பந்தம் தெரிந்தவர்களுக்கு அடிப்படை உடனே பிடிபடும். வித்தியாசம் என்னவென்றால் இங்கே 400 பேர் ஒரே சங்கமாகச் சேர்கிறார்கள். அந்தச் சங்கத்துக்குச் சட்டத்தின் பலம் இருக்கிறது.

அது நடக்கும் விதம் இது. ஒருவரிடம் மனையும் பழைய வீடும் சேர்த்து 10 கோடி யென் மதிப்பு என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். புதிய கட்டடத்தில் ஒரு சதுர மீட்டர் தளத்தின் மதிப்பு 10 லட்சம் யென் என்றால் அவருக்கு 100 சதுர மீட்டர் தளம் கிடைக்கும். கூடவே நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு. பணம் கைமாறாது. முன்பு இரண்டு மாடி நின்ற இடத்தில் நாற்பது, ஐம்பது மாடி எழுப்ப அனுமதி கிடைப்பதால் எல்லோருக்கும் பங்கு கொடுத்த பிறகும் தளம் மிஞ்சும். மிஞ்சும் தளத்தை விற்ற பணத்தில்தான் முழுக் கட்டுமானமும் நடக்கும். ரொப்போங்கியில் அப்படி மிஞ்சியதில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டது, திட்டத்தை முன்னின்று நடத்திய மோரி பில்டிங் நிறுவனம். மொத்தத் தளப்பரப்பு சுமார் 7.6 லட்சம் சதுர மீட்டர், செலவு ஏறத்தாழ 27,000 கோடி யென் என்று பார்த்தால் அந்தப் பொறுப்பின் கனம் புரியும்.

சங்கம் அமைக்க நில உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினரும், நிலக் குத்தகைதாரர்களில் மூன்றில் இரண்டு பங்கினரும் தனித்தனியே ஒப்புக்கொள்ள வேண்டும். பரப்பளவிலும் அதே விகிதம். அந்த வரம்பைத் தாண்டிவிட்டால் மறுத்தவர்களையும் சங்கம் கட்டுப்படுத்தும். 'எனக்குப் புதுக் கட்டடமே வேண்டாம்' என்கிறவர், சங்கத்துக்கு அனுமதி வந்ததாக அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் பணமாக வாங்கிக்கொண்டு போகலாம். வாடகைக்கு இருந்தவருக்கும் இடமுண்டு. வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் புதிய தளத்தில் அவர் வாடகைக்குத் தொடரலாம், வேண்டாமென்றால் இழப்பீடு பெற்று வெளியேறலாம். கட்டி முடிக்கும் வரை வெளியே தங்கும் செலவும் சாமான் ஏற்றி இறக்கும் செலவும் தனியாக ஈடுகட்டப்படும்.

சட்டப்படி மூன்றில் இரண்டு போதும். நடைமுறையில் அந்த எண்ணிக்கையோடு யாரும் வேலையை ஆரம்பிப்பதில்லை. மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் கோபத்தோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் இடிக்கும் இயந்திரம் உள்ளே போகாது. அதனால்தான் வருடங்கள் நீள்கின்றன. 1990 டிசம்பரில் முன்னேற்பாட்டுச் சங்கம், 1995 ஏப்ரலில் நகரத் திட்ட முடிவு, 1998 செப்டம்பரில் முறையான சங்கம், 2000 பிப்ரவரியில் உரிமை மாற்றத் திட்டத்துக்கு ஒப்புதல். ஒவ்வொரு படிக்கும் நடுவில் வீடு வீடாகப் போய்ப் பேசியிருக்கிறார்கள். இதே மோரி பில்டிங் டோக்கியோவில் 1986இல் திறந்த ஆர்க் ஹில்ஸ் வளாகத்துக்கும் 17 வருடம் பிடித்தது. அப்போது மாதம் இரண்டு முறை வட்டாரச் செய்தித்தாள் ஒன்றை அச்சிட்டு, தபாலில் போடாமல் ஊழியர்களே ஒவ்வொரு வாசலிலும் கொண்டுபோய்க் கையில் கொடுத்தார்கள். கதவைத் திறக்கிற முகத்தைப் பார்க்காமல் இந்த வேலை நடக்காது. தபாலில் அனுப்பியிருந்தால் ஆர்க் ஹில்ஸ் வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு இடங்களில் அடி விழும். ஒன்று, மதிப்பீட்டு நாள். சொத்தின் மதிப்பு, சங்கம் அனுமதி பெற்றதை ஒட்டி வரும் ஒரு நாளில் உறைந்துவிடும். ஜப்பானில் நிலவிலை 1990 வாக்கில் உச்சியில் இருந்து அதற்குப் பிறகு வருடக்கணக்கில் இறங்கியது. பக்கத்து மனை 1990இல் போன விலையை மனதில் வைத்திருந்தவருக்கு 1998 மதிப்பீடு கசக்கத்தான் செய்யும். சங்கத்துக்கும் அதே ஆபத்துதான். மிஞ்சும் தளத்தின் விலை இறங்கினால் கட்டுமானச் செலவில் துண்டு விழும். அந்தத் தளத்தை எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு நின்றால்தான் மற்றவர்கள் தூங்க முடியும்.

இன்னொன்று மாதச் செலவு. மர வீட்டில் இருந்தவருக்கு வரி தவிர நிலையான செலவு கிடையாது. கோபுரத்துக்கு வந்த பிறகு பராமரிப்புக் கட்டணம், பெரிய பழுதுகளுக்கான சேமிப்புத் தொகை என்று மாதாமாதம் கட்டியாக வேண்டும். கையில் வந்த சொத்து பெரிது, கையில் வரும் வருமானம் அதே பழைய ஓய்வூதியம். வயதானவர்கள் தயங்குவது பெரும்பாலும் இதனால்தான். கிடைத்த தளத்தை இரண்டாகப் பிரித்து ஒன்றில் தான் இருந்து மற்றதை வாடகைக்கு விடுவது இதற்குப் பழக்கமான விடை. பேச்சுவார்த்தையின் தொடக்கத்திலேயே இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டாத திட்டங்கள் பின்னால் நம்பிக்கை இழக்கின்றன.

சரி, கட்டியாயிற்று. நான்கு வகைப் பயன்பாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மட்டும் அது கலப்பு ஆகாது. ஒன்றின் உபரி இன்னொன்றின் குறையை நிரப்ப வேண்டும். இதைக் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் நிலத்தடியில் இருக்கிறது. ரொப்போங்கி ஹில்ஸுக்குச் சொந்த மின்நிலையம் உண்டு. எரிவாயு டர்பைன்கள், மொத்தத் திறன் 38,660 கிலோவாட். மின்சாரம் எடுத்த பிறகு வெளியேறும் சூட்டில் நீராவி உண்டாக்கி, அந்த நீராவியைக் கொண்டே குளிர்ந்த நீரையும் தயாரித்து ஏசிக்கு அனுப்புகிறார்கள். இது லாபமாக ஓட ஒரு நிபந்தனை இருக்கிறது. மின்சாரமும் சூடும் நாள் முழுக்க ஏதாவது ஒரு பக்கம் தேவைப்பட வேண்டும். வெறும் ஆபீஸ் வளாகம் என்றால் மாலை ஏழு மணிக்குத் தேவை சரிந்துவிடும், டர்பைனைக் குறைக்க வேண்டியிருக்கும். இங்கே ஆபீஸ் அடங்கும் நேரத்தில் வீடுகளில் விளக்கு எரியும், உணவகங்கள் சுறுசுறுப்பாகும், ஹோட்டலுக்கு விடிய விடிய வெந்நீர் வேண்டும், டிவி நிலையம் எப்போதும் உறங்காது. சுமை சமமாகப் பரவுகிறது.

பாதுகாப்பும் மூன்று அடுக்கு. முதலில் நிலநடுக்கத்தைத் தாங்கும் நடுத்தர அழுத்தக் குழாயில் வரும் எரிவாயு. அது நின்றால் பொது மின்சாரம். அதுவும் போனால் சேமித்து வைத்த மண்ணெண்ணெய். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோ மின்தட்டுப்பாட்டில் தவித்தபோது, இந்த வளாகம் பொது மின்சாரத்தை எதிர்பார்த்து நிற்கவில்லை. மார்ச் 18 முதல் ஏப்ரல் இறுதி வரை பகலில் 4,000 கிலோவாட், இரவில் 3,000 கிலோவாட் என்று தன்னிடம் இருந்ததை நகரத்துக்குக் கொடுத்தது. ஏறத்தாழ 1,100 வீடுகளுக்கான மின்சாரம். வழக்கமாக ஊரிடமிருந்து வாங்கக்கூடிய ஒரு வளாகம் ஊருக்குத் திருப்பிக் கொடுத்த அந்த ஆறு வாரத்தை நான் அந்தக் கோபுரத்தின் உயரத்தைவிடப் பெரிதாக நினைக்கிறேன். வளாகத்தில் அவசரக் காலக் கிணறும், வீடு திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்ளும் சுமார் 5,000 பேருக்கான இடமும் உணவுச் சேமிப்பும் இருக்கின்றன.

மொட்டை மாடிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். கெயாகிசக்கா கட்டடத்தின் மேல் சுமார் 1,300 சதுர மீட்டர் தோட்டம், அதில் ஒரு நெல் வயல். வளாகத்துக் குழந்தைகள் கோடை தொடங்கும் முன் நாற்று நட்டு இலையுதிர்காலத்தில் அறுக்கிறார்கள். பார்க்க விளையாட்டு போல் இருக்கும். உண்மையில் மண், நீர், மரம் எல்லாம் சேர்ந்த அந்தப் பெரும் எடை, ரப்பர் தாங்கிகள் மேல் தனித் தளமாக உட்கார்ந்திருக்கிறது. நிலநடுக்கத்தில் கட்டடம் ஒரு பக்கம் ஆடும்போது தோட்டம் பின்தங்கி எதிர்ப்பக்கம் இழுத்து ஆட்டத்தைக் குறைக்கும். வேறு கட்டடத்தில் இதற்கென்று இரும்புப் பாளத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ வைப்பார்கள்.

இனி, தவறிய இடம். இதைச் சொல்லாமல் ரொப்போங்கி ஹில்ஸ் பற்றி எழுதுவது சரியில்லை. 2004 மார்ச் 26 அன்று மோரி கோபுரத்தின் வாசலில் இருந்த பெரிய தானியங்கிச் சுழல் கதவில் தலை சிக்கி ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

உயரமான கட்டடத்துக்குச் சுழல் கதவு ஏன் தேவைப்படுகிறது என்பதிலிருந்து பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் சூடான காற்று லிப்ட் குழிகளின் வழியே மேலே ஏறும். ஏறிய காற்றுக்கு ஈடாக அடித்தளத்தில் குளிர்காற்று இழுத்துக்கொண்டு உள்ளே வரும். 54 மாடி என்றால் அந்த இழுவை பலமானது. சாதாரணக் கதவைத் திறந்து வைத்தால் வாசலில் புயல் அடிக்கும். சுழல் கதவில் எப்போதும் ஒரு தகடு அடைத்துக்கொண்டிருப்பதால் இது நடக்காது. கூட்டம் அதிகம் என்பதால் பெரிய கதவு வேண்டும், பெரிய கதவைக் கையால் தள்ள முடியாது என்பதால் மோட்டார் வேண்டும். இங்கே வைத்தது 4.8 மீட்டர் விட்டமுள்ள கதவு. ஐரோப்பாவில் பிறந்த மூல வடிவம் அலுமினியத்தில் சுமார் 0.9 டன். பெரிதாக்கி, மோட்டாரைச் சுழலும் பகுதியிலேயே வைத்து, பளபளப்புக்காகத் துருப்பிடிக்காத எஃகை மேலே போர்த்தி வந்ததில் அது 2.7 டன் ஆனது. மூன்று மடங்கு. இத்தனை எடை சுற்றிக்கொண்டிருக்கும்போது பிரேக் போட்டாலும் உடனே நிற்காது, கொஞ்சம் நகர்ந்துதான் நிற்கும்.

அந்தக் குறையை மறைத்தது சென்சார். ஆள் வந்தால் சென்சார் பார்க்கும், கதவு நிற்கும் என்று நம்பினார்கள். சென்சாரோ பக்கத்தில் வைத்த தடுப்புக் கம்பியை ஆள் என்று நினைத்து அடிக்கடி கதவை நிறுத்தியது. கூட்டம் தேங்கியது. அதனால் சென்சார் பார்க்கும் எல்லையை உயர்த்திவிட்டார்கள். தரையிலிருந்து சுமார் 120 சென்டிமீட்டருக்குக் கீழே அது எதையும் பார்க்காது. அந்தச் சிறுவனின் உயரம் அதற்குள் அடங்கிவிட்டது. அதற்கு முன்பே அந்த வளாகத்தின் சுழல் கதவுகளில் பலர் அடிபட்டிருந்தார்கள் என்பதும் பிறகு தெரிய வந்தது.

தோல்விகளை ஆராயும் பேராசிரியர் யோதாரோ ஹதாமுரா இதைத் தொட்டு தாமாகவே ஓர் ஆய்வுக் குழுவைத் திரட்டினார். எத்தனை வகைக் கதவுகள் எவ்வளவு விசையில் நசுக்குகின்றன என்று போலி உடல் வைத்து அளந்தார்கள். பெரிய சுழல் கதவில் விசை குழந்தையின் மண்டை தாங்கும் அளவைப் பல மடங்கு தாண்டியது. அவர் சொன்னது எளிமையானது. மெல்ல நகரும் லேசான கதவு சென்சார் பழுதானாலும் கொல்லாது. கனமான கதவைச் சென்சாரால் பாதுகாப்பாக்கினால், சென்சார் தவறும் அன்றைக்கு எதுவும் மிச்சமில்லை. வணிக வளாகம் கட்டும் எவருக்கும் நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான். 'அடிக்கடி நிற்கிறது, தொந்தரவு' என்று ஒரு பாதுகாப்புச் சாதனத்தின் அளவை யாராவது மாற்றச் சொன்னால், அந்த மாற்றத்தை எழுத்தில் போட்டு, கதவைச் செய்தவரின் ஒப்புதல் வரும்வரை கதவைப் பூட்டி வையுங்கள். பராமரிப்புப் பதிவேட்டில் 'சரிசெய்யப்பட்டது' என்ற ஒற்றை வார்த்தை போதாது. ஆபீஸுக்கு மட்டும் என்று தேர்ந்தெடுத்த சாதனம், குழந்தைகளும் சுற்றுலாக் கூட்டமும் வரும் வாசலில் அதே மாதிரி நடந்துகொள்ளாது. பயன்பாடுகளைக் கலக்கும்போது வாசலில் வருகிறவர்களும் கலக்கிறார்கள்.

கலைக்கு வருவோம். 238 மீட்டர் கோபுரத்தில் அதிக வாடகை கிடைக்கக்கூடியது உச்சி மாடிகள். 52ஆம் மாடியைப் பார்வைத் தளத்துக்கும் 53ஆம் மாடியை மோரி கலை அருங்காட்சியகத்துக்கும் கொடுத்தார் அப்போதைய மோரி பில்டிங் தலைவர் மினோரு மோரி. நஷ்டத்துக்கு ஆசைப்பட்டுச் செய்ததில்லை. ஆபீஸ் கோபுரம் வார நாள் மாலையோடும் சனி ஞாயிறிலும் செத்துப்போகும். கீழே இருக்கும் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் அப்போதுதான் கூட்டம் வேண்டும். அதனால்தான் அருங்காட்சியகம் செவ்வாய் தவிர மற்ற நாட்களில் இரவு 10 மணி வரை திறந்திருக்கிறது. ஆபீஸ் முடித்துவிட்டு மேலே போகலாம், இறங்கி வந்து சாப்பிடலாம். 2003 அக்டோபரில் திறந்த முதல் கண்காட்சியைப் பார்வைத் தளத்தோடு சேர்ந்த சீட்டில் சுமார் 7.3 லட்சம் பேர் பார்த்தார்கள். நகரைப் பார்க்க ஏறியவர் கலையையும் பார்த்துவிட்டு இறங்கினார். அருங்காட்சியகத்துக்குக் கோபுரத்தின் வெளியே கண்ணாடிக் கூம்பாகத் தனி வாசல் அமைத்ததும் சரியான முடிவு. ஆபீஸ் ஊழியர்களின் லிப்டும் பார்வையாளர்களின் லிப்டும் கலந்தால் காலை ஒன்பது மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் இரண்டு பக்கமும் கெட்டுவிடும். ஆபீஸ் லிப்டுகளில் இரண்டு கூண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே கயிற்றில் போகின்றன. மாடிக்கு மாடி உயரம் வேறுபடுவதால் கூண்டுகளுக்கு இடையிலான தூரத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பும் அதில் உண்டு.

குறை என்றால் வழி கண்டுபிடிப்பது. கடைப் பகுதியை வடிவமைத்த ஜான் ஜெர்டி வளைவுகளையும் பல மட்டங்களையும் விரும்பினார். சரிவு நிலத்தில் அது அழகாகத்தான் வருகிறது. ஆனால் முதல் முறை போகிறவர் வெஸ்ட் வாக் என்ற கடைப் பகுதியில் ஏறி ஹில்சைட் என்ற இன்னொரு பகுதியில் எந்த மட்டத்தில் வெளியே வருகிறோம் என்று தெரியாமல் சுற்றுவார். கடையின் பெயரை வைத்துத் தேடாமல் கட்டடத்தின் பெயரையும் மாடி எண்ணையும் குறித்துக்கொண்டு போங்கள்.

போகிறவர்கள் ஹிபியா சுரங்க ரயிலின் ரொப்போங்கி நிலையத்தில் 1சி வழியில் வெளியேறுங்கள். மெட்ரோ ஹாட் என்னும் கண்ணாடி உருளையில் படியேறி வந்தால் லூயிஸ் பூர்ஷ்வாவின் 'மாமான்', சுமார் 10 மீட்டர் வெண்கலச் சிலந்தி, வயிற்றில் வெள்ளைப் பளிங்கு முட்டைகளோடு. அது நிற்கும் 66 பிளாசா நிலம் இல்லை. கீழே வட்டச் சாலை 3ஐ ரொப்போங்கி சாலையோடு இணைக்கும் பாதை போகிறது, அதன் மேல் போட்ட தளம் அது. சாலையை இணைத்ததும் இதே திட்டத்தின் செலவில் சேர்ந்த வேலை. அங்கிருந்து இறங்கினால் மோரித் தோட்டம். மோரி என்றாலும் நிறுவனத்தின் பெயர் இல்லை. எடோ காலத்தில் (1603 முதல் 1868 வரை) இங்கே மாளிகை வைத்திருந்த வேறொரு மோரி குலத்தின் பெயர். இறந்த தலைவனுக்காகப் பழிவாங்கியதால் ஜப்பானில் பேர்பெற்ற 47 சாமுராய்களில் 10 பேரை இந்த மாளிகையில்தான் காவலில் வைத்து, 1703இல் இங்கேயே உயிரை விடச் செய்தார்கள். இப்போது கண்ணுக்குத் தெரியும் குளம் புதியது. பழைய குளத்தைத் தோண்டி எறியாமல், பாதுகாப்பு விரிப்பால் மூடி, அதன் மேல் புதியதைக் கட்டியிருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து கெயாகிசக்கா தெருவுக்கு இறங்குங்கள். சுமார் 400 மீட்டர், இருபுறமும் கெயாகி மரங்கள். நடைபாதையில் நிற்கும் இருக்கைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவமைப்பாளர் செய்தவை. டோகுஜின் யோஷியோகா செய்த கண்ணாடி இருக்கை மழை பெய்தால் தண்ணீருக்குள் மறைந்துவிடுவது போல் இருக்கும். அதில் கட்டணமில்லாமல் உட்காரலாம்.